காகத்துக்கு எண்ணத் தெரியுமா? பறவைகளின் எண்ணுணர்வு: ஓர் எளிய விளக்கம்

2024 மே மாதம் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. காட்டும் குறிக்கு ஏற்றபடி காகங்கள் ஒரு முறை, இரு முறை, மூன்று முறை, நான்கு முறை என்று கணக்காகக் கரைகின்றன என்பது அதன் சாரம். உடனே 'காகம் வாய்விட்டு எண்ணுகிறது' என்று பேச்சு பரவியது. இதற்கு நேர்மாறான பேச்சும் உண்டு: தீனி கொடுத்துப் பழக்கினால் எந்தப் பிராணியும் எதையும் செய்யும், இதில் கணக்கு எங்கே வந்தது?

இரண்டுமே தவறு. பறவைகளிடம் இருப்பது நாம் பள்ளியில் படித்த எண்ணுதல் இல்லை. ஆனால் வெறும் பழக்கமும் இல்லை. அளவாலோ வடிவத்தாலோ ஏமாறாமல், எண்ணிக்கையை மட்டும் தனியே பிரித்தறியும் ஒரு திறன் அவற்றின் மூளையிலேயே இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கூறு கட்டிய கத்திரிக்காய்

சந்தையில் சாக்கை விரித்துக் கத்திரிக்காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறில் மூன்று, அடுத்ததில் நான்கு என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒன்றில் பத்து, மற்றதில் இருபது என்றாலும் எது அதிகம் என்பதில் சந்தேகம் வராது. ஆனால் அந்தப் பத்து உண்மையில் பத்தா பதினொன்றா என்று கேட்டால் திணறுவோம். பத்தொன்பதும் இருபதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணை நம்பிப் பயனில்லை. ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போட்டு எண்ணியே தீரவேண்டும்.

இதற்குள் மூன்று வேறுபட்ட திறன்கள் இருக்கின்றன. மூன்று நான்கு வரை உள்ளதை ஒரே பார்வையில் சரியாகச் சொல்வது முதலாவது. இதைப் பார்த்தறிதல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேற்பட்டவற்றில் ஏறத்தாழ எவ்வளவு என்று உணர்வது இரண்டாவது, இது மதிப்பீடு. மூன்றாவதுதான் எண்ணுதல். அதற்கு வரிசை மாறாத எண் பெயர்கள் வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு பெயர் கொடுக்க வேண்டும், கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம் என்பதும் புரிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டுக்கும் மொழி தேவையில்லை. பேச்சு வராத கைக்குழந்தையிடமும் அவை உண்டு. மொழியின் துணையின்றி எண்ணிக்கையை உணரும் இந்தத் திறனுக்குத்தான் எண்ணுணர்வு என்று பெயர். பறவைகளைப் பற்றி நடக்கும் ஆய்வுகள் அநேகமாக எல்லாமே இதைப் பற்றியவை. 'காகம் எண்ணுகிறது' என்று எங்காவது படித்தால், எண்ணுணர்வைச் சொல்கிறார்களா எண்ணுதலைச் சொல்கிறார்களா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வித்தியாசம் முக்கியமில்லை, விகிதம்தான் முக்கியம்

எண்ணுணர்வுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அதன் பிழைகள் தாறுமாறாக வருவதில்லை, ஓர் ஒழுங்கோடு வருகின்றன.

2-ஐயும் 4-ஐயும் பிரிப்பது எளிது. 8-ஐயும் 10-ஐயும் பிரிப்பது கடினம். இரண்டு இடத்திலும் வித்தியாசம் 2தான். ஆனால் முதல் ஜோடியில் சிறியது பெரியதில் பாதி. இரண்டாவதில் ஐந்தில் நான்கு பங்கு. விகிதம் ஒன்றை நெருங்க நெருங்கத் தடுமாற்றம் கூடுகிறது. பத்தொன்பதிடமும் இருபதிடமும் நம் கண் தோற்றதற்கும் இதுதான் காரணம். எடைகளைக் கையில் தூக்கி ஒப்பிடுவதில் இந்த ஒழுங்கைக் கண்டறிந்தவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர். அதனால் இதை வெபர் விதி என்கிறார்கள்.

டூபிங்கனில் ஆந்திரியாஸ் நீடரின் ஆய்வகம் காகங்களை 1 முதல் 30 வரையிலான புள்ளிகளைக் கொண்டு சோதித்தது. 2016இல் வெளியான முடிவுகள் வெபர் விதியோடு பொருந்தின. பெரிய எண்களில் காகத்தின் பதில் இலக்கைச் சுற்றி அகலமாகச் சிதறுகிறது. சிறிய எண்களில் குறுகலாக இருக்கிறது. ஆகவே 'காகத்துக்கு எது வரை எண்ணத் தெரியும்?' என்ற கேள்வியே சரியில்லை. ஓர் எண்ணோடு திறன் நின்றுபோவதில்லை, படிப்படியாக மங்குகிறது.

புறாவும் சளைத்ததில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் புறாக்களுக்கு 1, 2, 3 உருவங்கள் கொண்ட படங்களைக் காட்டி, குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசையாகக் கொத்தப் பழக்கினார்கள். பிறகு 9 வரையிலான, முன்பு பார்த்தே இராத எண்ணிக்கைகளைக் கொடுத்தார்கள். 'சிறியது முதலில்' என்ற விதியைப் புறாக்கள் புதிய எண்களுக்கும் கொண்டுபோயின. எண்களுக்கு இடையே தூரம் அதிகமானால் துல்லியமும் கூடியது. 2011இல் வந்த இந்த முடிவு குரங்குகளின் முடிவோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. வெறும் பழக்கம் என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பழக்கிய படங்களை மனப்பாடம் செய்திருந்தால் 5-ஐயும் 8-ஐயும் பார்த்ததும் புறா விழித்திருக்கும்.

சுருக்கமாக: பறவைக்கு இருப்பது எண்ணுணர்வு. அது விகிதத்தைப் பொறுத்தது. அதன் பிழைகளின் ஒழுங்கே அது உண்மையான திறன் என்பதற்குச் சான்று.

எண்ணிக்கையா, பரப்பளவா?

அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

ஐந்து கத்திரிக்காய் உள்ள கூறு மூன்று உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தவர் எண்ணிக்கையைப் பார்த்தாரா, மொத்தப் பருமனைப் பார்த்தாரா? பறவையிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது என்பதால் படத்தை மாற்றிக் கேட்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. 1 செ.மீ. விட்டமுள்ள 6 புள்ளிகளின் மொத்தப் பரப்பு சுமார் 4.7 சதுர செ.மீ. அதே பரப்பை 2 புள்ளிகளில் கொண்டுவர ஒவ்வொன்றும் சுமார் 1.7 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். இப்போது கறுப்பின் அளவு சமம். ஆனால் விளிம்புகளின் மொத்த நீளம் சமமில்லை: ஆறு புள்ளிகளுக்கு 19 செ.மீ. அளவில் வரும், இரண்டுக்கு 11 செ.மீ. கூட வராது. விளிம்பைச் சமமாக்க இரண்டு புள்ளிகளையும் 3 செ.மீ. ஆக்கினால், இரண்டின் பரப்பு ஆறின் பரப்பைப்போல மூன்று மடங்காகிவிடுகிறது. ஒன்றைச் சமன் செய்தால் மற்றொன்று நழுவும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே படத்தொகுப்பை நம்புவதில்லை. ஒரு தொகுப்பில் பரப்பு சமம், இன்னொன்றில் விளிம்பு, இன்னொன்றில் நெருக்கம் என்று மாற்றி மாற்றிக் கலக்கிறார்கள். புள்ளிகளின் இடத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார்கள். எல்லாத் தொகுப்பிலும் பறவை சரியாகச் சொன்னால், அவை அனைத்துக்கும் பொதுவாக மிஞ்சுவது எண்ணிக்கை ஒன்றுதான்.

இன்னொரு பொறி, சோதனை செய்யும் மனிதரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பால் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லிப் புகழ்பெற்றது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை நுணுகி ஆராய்ந்து 1907இல் உண்மையைச் சொன்னார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையும் உடலும் தம்மை அறியாமல் லேசாக அசைந்தன; குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. விடை தெரியாதவர் கேட்டபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை.

இதை நன்கு அறிந்திருந்த ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர், தன் பறவைகளின் கண்ணில் மனிதர் படாதபடி சோதனைகளை அமைத்தார். ஒரு மாதிரிப் படத்தில் சில புள்ளிகள். அதே எண்ணிக்கையில் புள்ளிகள் உள்ள மூடிக்கு அடியில்தான் தீனி. புள்ளிகளின் வடிவமும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். இதில் புறாக்கள் 5 வரையிலும், ரேவன் என்ற பெரிய காக இனம் 7 வரையிலும் தேறின. பெயர் இல்லாமலே எண்ணிக்கையை நினைக்க முடியும் என்று கோலர் எழுதினார். இன்றைய ஆய்வுகள் நிற்பது அந்த அடித்தளத்தின் மீதுதான்.

மூளைக்குள் நடப்பது

நியூரான் என்பது மூளையில் செய்தி கடத்தும் செல். அது சிறு மின்துடிப்புகளாகப் பேசும். காகம் புள்ளிகளைப் பார்க்கும்போது எந்த நியூரான் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை மெல்லிய மின்முனைகளால் அளக்கலாம்.

ஹெலன் டிட்ஸும் நீடரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். திரையில் சில புள்ளிகள் தோன்றி மறையும். சுமார் ஒரு நொடி வெற்றுத் திரை. பிறகு இன்னொரு படம். இரண்டிலும் எண்ணிக்கை சமமாக இருந்தால் காகம் திரையைக் கொத்த வேண்டும். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடி வெறுமை முக்கியமானது: எண்ணிக்கையை நினைவில் வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

சில நியூரான்களுக்கு விருப்ப எண் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. 3-ஐ விரும்பும் நியூரான், மூன்று புள்ளிகளைப் பார்த்தால் மிக வேகமாகத் துடிக்கிறது. 2-க்கும் 4-க்கும் சற்றுக் குறைவு. 1-க்கும் 5-க்கும் இன்னும் குறைவு. புள்ளி பெரிதா சிறிதா, எப்படி அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

வெபர் விதி எங்கிருந்து வருகிறது என்பது இங்கே புலப்படுகிறது. 3-இன் நியூரான் 4-க்கும் ஓரளவு துடிக்கிறது, 4-இன் நியூரான் 3-க்கும் துடிக்கிறது. இரண்டின் எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. எண் பெரிதாகும்போது இந்தப் படிவும் அகலமாகிறது. அதனால் 1-ஐயும் 4-ஐயும் காகம் குழப்புவது அரிது. 4-ஐயும் 5-ஐயும் குழப்புவது இயல்பு. காகம் தவறாகப் பதில் சொன்ன வேளைகளில், அந்த எண்ணுக்குரிய நியூரான்கள் வழக்கத்தைவிட மந்தமாகத் துடித்ததும் பதிவாகியிருக்கிறது.

இது பயிற்சியால் வந்ததோ? 2018இல் அதே ஆய்வகம் எண்ணிக்கையைப் பற்றி எந்தப் பயிற்சியும் பெறாத காகங்களைப் பார்த்தது. அவற்றுக்கு நிறத்தை ஒப்பிட மட்டுமே பழக்கியிருந்தார்கள். அவற்றின் மூளையிலும் எண் நியூரான்கள் இருந்தன. 2021இல் ஒன்றுமே இல்லாத வெற்றுத் தொகுப்புக்குத் துடிக்கும் நியூரான்களும் கிடைத்தன. அந்தக் காகங்கள் 'ஒன்றுமில்லை' என்பதை 2, 3 ஆகியவற்றைவிட 1-ஓடுதான் அதிகம் குழப்பின. அதாவது வெறுமையும் அவற்றுக்கு ஒன்றுக்கு முந்தைய ஓர் அளவாகவே இருக்கிறது.

பாலூட்டிகளின் வழியும் பறவைகளின் வழியும் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நம் மூளையின் மேல்பரப்பிலுள்ள ஆறடுக்குப் புறணி பறவைக்குக் கிடையாது. அதன் முன்மூளையில் வேறொரு பகுதி இந்த வேலையைச் செய்கிறது. இப்படிக் கட்டமைப்பு வேறாக இருந்தும் குரங்கின் எண் நியூரானும் காகத்தின் எண் நியூரானும் ஒரே விதமாகத் துடிப்பதுதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு.

அப்படியானால் அந்த நான்கு கரைதல்?

இப்போது 2024 ஆய்வுக்கு வரலாம். மூன்று காகங்கள். திரையில் ஒரு நிற எண்ணுரு தோன்றும், அல்லது ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்கும். ஒவ்வொரு குறிக்கும் 1 முதல் 4 வரை ஓர் எண்ணிக்கை. அத்தனை முறை கரைந்துவிட்டு, 'முடித்துவிட்டேன்' என்பதற்கு அடையாளமாகத் திரையைக் கொத்த வேண்டும்.

பறவைகள் இதில் தேர்ந்தன. தவறியபோதும் பெரும்பாலும் ஒன்று கூடியது, அல்லது ஒன்று குறைந்தது. எண்ணிக்கை அதிகமானால் முதல் கரைதலைத் தொடங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன. அந்த முதல் கரைதலின் ஒலித்தன்மையை வைத்தே மொத்தம் எத்தனை வரப்போகிறது என்று கணிக்கவும் முடிந்தது. எத்தனை முறை என்பதைக் காகம் முன்கூட்டியே திட்டமிடுகிறது என்று இதற்குப் பொருள். அது சாதாரண விஷயமில்லை.

ஆனால் நான்கு கரைதலும் நான்கு எண் பெயர்கள் இல்லை. வரிசை மாறாத பெயர்ப் பட்டியல் காகத்திடம் இல்லை. 4-ஐக் கற்றதால் 5 தானாக வந்துவிடுவதில்லை. எண்ணத் தொடங்கும் முன் சிறு குழந்தை, பொருள்கள் எத்தனையோ அத்தனை ஒலிகளை எழுப்பிக் காட்டுமே, அதற்கு நெருக்கமானது இது.

எண் பெயருக்கு இன்னும் அருகில் வந்த பறவை அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. அதை அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கி முப்பது ஆண்டுகள் பயிற்றுவித்தார். பல நிறத்தில் பொருள்கள் கலந்து கிடக்கும் தட்டைக் காட்டி, 'பச்சைக் கட்டை எத்தனை?' என்று கேட்டால் ஆங்கில எண் பெயரைச் சொல்லும். 6 வரை நன்றாக வந்தது. கேட்ட பொருள் தட்டில் இல்லாதபோது 'எதுவும் இல்லை' என்று பொருள்படும் சொல்லையும் பயன்படுத்தியது. 2007இல் இறந்துபோனது. ஒரே ஒரு பறவை, பல ஆண்டுப் பயிற்சி. எல்லாக் கிளிகளுக்கும் இதை நீட்டிப் பேசக்கூடாது.

காட்டில் இது எதற்கு?

நம் ஏரிகளில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்துமே நாமக்கோழி, அதன் அமெரிக்க உறவுப் பறவைக்கு ஒரு தொல்லை. பக்கத்துக் கூட்டுப் பெட்டை வந்து இதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் புரூஸ் லயன் இதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். அந்நிய முட்டையை அடையாளம் காணாத பெட்டை, கூட்டில் வந்த ஒவ்வொரு அந்நிய முட்டைக்கும் தன்னுடையதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டது. அடையாளம் கண்ட பெட்டையோ, அந்த முட்டை இன்னும் கூட்டிலேயே கிடந்தாலும், அதை விட்டுவிட்டுத் தன் முட்டைகளை மட்டும் கணக்கில் கொண்டு வழக்கமான எண்ணிக்கையை இட்டு முடித்தது. மொத்தக் குவியலின் அளவோ வயிற்றில் படும் தொடுஉணர்வோ மட்டும் வழிகாட்டியிருந்தால் இது நடக்காது.

முட்டை விஷயத்தில் எல்லாப் பறவையும் இப்படியில்லை. வட அமெரிக்க மரங்கொத்தி இனம் ஒன்றின் கூட்டில் ஒரே ஒரு முட்டையை மட்டும் விட்டுவைத்து, புதிதாக இடுவதை அவ்வப்போது எடுத்துவந்தபோது, அது 73 நாட்களில் 71 முட்டைகள் இட்டது. கூடு நிறையவில்லை என்ற உணர்வு இருக்கும்வரை அதன் உடல் முட்டையிட்டுக்கொண்டே போகிறது. எத்தனை இட்டோம் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆகவே ஒரு பறவை மூன்று முட்டை இடுகிறது என்பதாலேயே அதற்கு மூன்று தெரியும் என்று சொல்ல முடியாது.

நம் ஊர் ஆட்கள் உடனே கேட்பது: குயில் முட்டையையும் சேர்த்து அடைகாக்கிறதே காகம், அதற்கு எப்படிக் கணக்குத் தெரியும்? அந்நிய முட்டையை இனங்காண்பது வேறு, எண்ணிக்கையை உணர்வது வேறு. ஒன்றில் தோற்பது மற்றொன்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. தவிர, டூபிங்கனில் சோதிக்கப்பட்டது உடல் முழுக்கக் கறுப்பான ஐரோப்பிய இனம். கழுத்து சாம்பலாக இருக்கும் நம் வீட்டுக் காகம் வேறு இனம்.

எச்சரிக்கைக் குரலிலும் எண்ணிக்கைக்கு வேலை உண்டு. பட்டாணிக் குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கச் சிக்கடீ, அதன் பெயரைப் போலவே 'சிக்-அ-டீ' என்று கத்தும். சிறு பறவைகளைப் பாய்ந்து பிடிக்கும் குட்டி ஆந்தையைக் கண்டால் கடைசி 'டீ'க்கள் அதிகமாகின்றன. வேகமாகத் திரும்ப முடியாத பெரிய கொம்பன் ஆந்தைக்குக் குறைகின்றன. கேட்கும் பறவைகளும் அதற்கேற்பத் திரள்கின்றன.

வீட்டுக் கோழியிடம் சோதிக்க

நாட்டுக்கோழியோ புறாவோ வளர்ப்பவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். பட்டினி போட வேண்டாம். காலைத் தீனிக்கு முன் செய்தால் போதும்.

ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்கள், அவற்றை மூட 8 செ.மீ. சதுர அட்டைகள். 2 புள்ளி, 6 புள்ளி என்று இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் பத்து அட்டை, புள்ளிகளின் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. ஆறு புள்ளி அட்டைகளில் எப்போதும் 1 செ.மீ. விட்டம். இரண்டு புள்ளி அட்டைகளில் பாதிக்கு 1.7 செ.மீ., பாதிக்கு 3 செ.மீ. காரணத்தை மேலே பார்த்தோம். தீனி எப்போதும் 6-க்கு அடியில். 2-இன் அடியிலும் அதே தானியம் இருக்கட்டும், ஆனால் எட்டாதபடி வலையால் மூடி; அப்போதுதான் மணம் காட்டிக்கொடுக்காது. பறவை முதலில் கொத்தும் அட்டைதான் பதில். அடுத்ததைத் தொட விடக்கூடாது.

ஒரு வேளைக்கு 20 முறை போதும்; அதற்கு மேல் வயிறு நிறைந்து கவனம் போய்விடும். குருட்டாம்போக்கில் கொத்தினால் 20-க்கு சராசரியாக 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். ஆகவே 15-ஐத் தொடர்ந்து தாண்டினால் பறவை எதையோ கற்றிருக்கிறது. அது எண்ணிக்கைதானா என்று அறிய, இதுவரை காட்டாத புதிய அட்டைகளை, வேறு வடிவப் புள்ளிகளோடு, இரண்டு வகையிலும் புள்ளி ஒரே அளவில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். பிறகு 4-க்கு 6, 5-க்கு 6 என்று விகிதத்தை நெருக்கினால் மதிப்பெண் படிப்படியாகச் சரிய வேண்டும். 5-க்கு 6-இலும் 20-க்கு 20 வந்தால் மகிழ வேண்டாம். எங்கோ ஒரு துப்பு கசிகிறது என்று தேடுங்கள்.

அடிக்கடி கெடுவது மூன்று இடங்களில். பல கோழிகள் வலப்பக்கம் என்றால் வலப்பக்கமே கொத்தும். ஒவ்வொரு முறையும் காசு சுண்டி இடத்தை முடிவு செய்யுங்கள், ஒரே பக்கம் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வந்தால் மாற்றிவிடுங்கள். சரியான அட்டை மட்டும் அடிக்கடி கொத்து வாங்கி அழுக்காகிவிடும், பறவை அழுக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அட்டைகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது நீங்கள். கிண்ணங்களை வைத்தவர் மறைவாகப் போய்விட, எது சரி என்று தெரியாத இன்னொருவர் பின்னால் நின்று குறித்துக்கொள்ளட்டும். இரண்டு பறவைகள் இருந்தால் ஒன்றுக்கு 6-லும் மற்றதற்கு 2-லும் தீனி வையுங்கள். அதிகமாகத் தெரிவதை நோக்கி ஓடும் இயல்பான ஆசையும், கற்றுக்கொண்ட எண்ணிக்கையும் அப்போது தனித்தனியாகத் தெரியும்.